எத்தனை பூச்சி என்பதல்ல, எந்தப் பூச்சி என்பதே கேள்வி

ஓடைத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தால், பிடித்த நேரத்தின் நிலைமை மட்டுமே தெரியும். முந்தின இரவு யாராவது கழிவைத் திறந்துவிட்டிருந்தால், விடிவதற்குள் அது அடித்துக்கொண்டு போயிருக்கும். கல்லுக்கடியில் வாழும் பூச்சி இளவுயிரிகள் அப்படிப் போய்விடுவதில்லை. மாதக்கணக்கில், சில இனங்கள் ஓராண்டுக்கும் மேலாக, தண்ணீரிலேயே இருப்பவை அவை. மாணவர்கள் ஓடையில் வலையை ஊன்றி, அதன் முன்னால் கற்களைக் காலால் கிளறி, வந்து விழும் உயிர்களைத் தட்டில் கொட்டி எண்ணுவது இதற்காகத்தான்.

எண்ணி முடித்ததும் மொத்தத்தைப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒரு கணக்கை வைத்துப் பார்ப்போம். கல் ஈ, மே ஈ, கேடிஸ் ஈ மூன்றும் இளம்பருவத்தை ஓடையில் கழிக்கும் பூச்சிகள்; கைரோனோமிட் என்பது கொசு போன்ற, ஆனால் கடிக்காத பூச்சியின் புழு. முதல் இடத்தில் 60 உயிர்கள்: கல் ஈ 10, தட்டையுடல் மே ஈ 20, வலை பின்னும் கேடிஸ் ஈ 20, சாதாரணக் கைரோனோமிட் புழு 10. இரண்டாம் இடத்தில் 200: சிவப்புக் கைரோனோமிட் புழு 180, கேடிஸ் ஈ 20. மொத்தத்தை நம்பினால் இரண்டாவதே செழிப்பான ஓடை.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஆய்வு செய்த வில்லியம் ஹில்சன்ஹாஃப் 1988இல் வெளியிட்ட முறை, ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் (நெருங்கிய இனங்களின் தொகுப்புக்கும்) 0 முதல் 10 வரை ஒரு தாங்குதிறன் மதிப்பைத் தருகிறது. மாசைத் தாங்காதவைக்குக் குறைந்த எண், தாங்குபவைக்கு அதிக எண். இங்கே கல் ஈக்கு 1, அந்த மே ஈக்கும் கேடிஸ் ஈக்கும் 4, சாதாரணக் கைரோனோமிட்டுக்கு 6, சிவப்பு வகைக்கு 8. எண்ணிக்கையை மதிப்பால் பெருக்கிக் கூட்டி, மொத்தத்தால் வகுக்க வேண்டும். முதல் இடத்துக்கு 3.83 வருகிறது: மிக நல்ல நீர். இரண்டாவதுக்கு 7.6: மிக மோசம்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது உடலமைப்பு. கல் ஈக்கு நிறைய ஆக்சிஜன் வேண்டும். தட்டில் ஆக்சிஜன் குறைந்ததும் அது கால்களை ஊன்றி உடலை மேலும் கீழுமாக அசைக்கத் தொடங்கும், தண்டால் எடுப்பதைப் போல. செவுள்கள் மேல் புதுத் தண்ணீர் படுவதற்காக அது படும் பாடு அது. சிவப்புப் புழுவின் நிறமோ, நம் இரத்தத்தில் இருப்பதுபோல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபினால் வருவது. அதனால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் அதற்கு மூச்சு முட்டாது. கழிவு சேரும்போது அதைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கல் ஈ மறையும், சிவப்புப் புழு பெருகும்.

ஒப்பிடும்போது சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். சலசலத்து ஓடும் இடத்து மாதிரியைத் தேங்கிய மடுவின் மாதிரியோடு ஒப்பிடக் கூடாது. அங்கே வேறுபடுவது மாசாக இல்லாமல் இடமாகவே இருக்கலாம். பருவமும் ஒன்றாக இருக்க வேண்டும். மே ஈக்கள் இறகு முளைத்துப் பறந்துபோன பிறகு வலை போட்டால், ஓடை கெட்டதாகவே கணக்கு சொல்லும். குடும்பங்களின் எண்ணிக்கையை ஒப்பிடுவதாக இருந்தால், இரண்டு மாதிரிகளிலிருந்தும் ஒரே அளவு உயிர்களைக் கண்மூடி எடுத்து எண்ண வேண்டும். அதிகம் பிடித்தால் அதிகக் குடும்பங்கள் சிக்குவது இயல்பு. விஸ்கான்சின் ஓடைகளுக்காக உருவான மதிப்புகளும் எல்லா நாட்டு ஓடைக்கும் அப்படியே பொருந்தாது. உள்ளூர்ப் பட்டியல் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

சிவப்புப் புழுவைக் கண்டதும் மாசு என்று எழுதிவிடவும் கூடாது. தெளிந்த ஓடையிலும் அது கொஞ்சம் இருக்கும். அதோடு கல் ஈயும் மே ஈயும் தட்டில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும்.