முக்கால் வினாடியில் நாலரைச் சுற்று

மதுரையில் சர்பத் கடைக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் ஐஸ் கட்டி அனுப்புகிற கம்பெனிக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது ஒரு பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டி. அம்மோனியா கம்ப்ரசர் அந்தத் தண்ணீரைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே கொண்டுபோய்விடும். உப்பு கலந்திருப்பதால் உறையாது. நல்ல தண்ணீர் நிரப்பிய தகர டப்பாக்களை உள்ளே இறக்கினால், டப்பாவுக்குள் இருப்பது மட்டும் கட்டியாகும். ஃபிகர் ஸ்கேட்டிங், அதாவது அடியில் பிளேடு பொருத்திய ஷூவோடு (அதுதான் ஸ்கேட்) பனியில் வழுக்கிப் போய்த் தாவிச் சுழல்கிற விளையாட்டு; அதன் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிற தளமும் இந்த முறையில்தான் உறைகிறது. 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்கு ஒரு மேடை, அதற்குள் வரிசையாகக் குழாய்கள், குழாய்களில் குளிர்ந்த உப்புக்கரைசல். மேலே இருக்கிற பனியின் கனம் சில சென்டிமீட்டர்தான்.

ஆனால் நம் ஐஸ் கட்டியின் நடுவே வெள்ளையாக ஒரு தண்டு ஓடுமே, அது அங்கே ஆகாது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே உறையும்போது, கரைந்திருக்கிற காற்றையும் உப்புகளையும் நடுப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. கடைசியில் உறைகிற இடத்தில் எல்லாம் சிக்கி வெள்ளையாகத் தெரியும். அந்த இடம் வலுவில்லாதது. சர்பத்துக்கு உடைத்துப் போடுவதற்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. போட்டித் தளத்துக்குச் சுத்திகரித்த தண்ணீரை மெல்லிய அடுக்கடுக்காகத் தெளித்து உறைய வைப்பார்கள். இடைவேளையில் தளத்தைச் சீவிச் சமப்படுத்துகிற வண்டி ஊற்றுவது வெந்நீர்: அதில் கரைந்திருக்கிற காற்று குறைவு, பழைய கீறல்களோடும் நன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

சரி, பனி ஏன் வழுக்குகிறது? ஸ்கேட்டின் அழுத்தத்தில் பனி உருகுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டால் இது நிற்காது. 60 கிலோ ஆள், 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளேடின் 10 சென்டிமீட்டர் நீளத்தில் நிற்கிறார் என்று வையுங்கள். வளிமண்டல அழுத்தத்தைப் போலச் சுமார் 15 மடங்கு வரும். அதனால் உருகுநிலை இறங்குவது 0.1 டிகிரி. விளிம்பில் மட்டும் நின்றால் அழுத்தம் பத்து மடங்கானாலும் ஒரு டிகிரிதான். தளமோ மைனஸ் 4 டிகிரியில் இருக்கிறது. போதாததற்கு, அகலமான செருப்புப் போட்டவரும் பனியில் வழுக்கி விழுகிறார். பனியின் மேற்பரப்பில் இருக்கிற மூலக்கூறுகளுக்கு மேல்பக்கம் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் உறைநிலைக்குக் கீழேயும் அந்த அடுக்கு தளர்ந்து, பாதித் திரவம் போல இருக்கிறது. அதன்மேல் பிளேடு உரசும் சூடு இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறது. முக்கியமான வேலை இந்த இரண்டுடையதுதான்.

வழுக்கினால் மட்டும் போதாது, பிடிக்கவும் வேண்டும். பிளேடின் அடிப்பக்கத்தை நடுவில் குழிவாகத் தீட்டியிருப்பார்கள். அதனால் இருபுறமும் கூரான விளிம்பு கிடைக்கும். முன்னால் பல் போன்ற முனைகளும் உண்டு. நேராகப் போக வழுக்கும், பக்கவாட்டில் சாய்ந்தால் கடிக்கும். ஐஸ் ஹாக்கிக்குத் தளத்தை இன்னும் குளிராக, கெட்டியாக வைப்பார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு அப்படி வைத்தால் பனி சில்லுச் சில்லாகப் பெயரும், விளிம்பு பதியாது. ஒரு தாவலின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது என்பது என் கட்சி. டிவியில் நாம் வாய் பிளந்து பார்ப்பது காற்றில் நடப்பதை. ஆனால் காற்றில் போன பிறகு புதிதாகச் சுழற்சி சேர்க்க வழியே கிடையாது. உதைக்க ஒன்றும் இல்லையே. பனியை விளிம்பால் தள்ளிக் கிளம்பும்போது எவ்வளவு கோண உந்தம் (சுழற்சியின் கையிருப்பு என்று வையுங்கள்) கிடைத்ததோ, இறங்கும்வரை அவ்வளவுதான்.

அந்தரத்தில் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: உடம்பைக் குறுக்குவது. எடை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளியிருந்தால் சுழல்வதற்கான தயக்கம் நான்கு மடங்கு. உள்ளே இழுத்தால் வேகம் தானாக ஏறும். வீட்டில் சுழல் நாற்காலி இருந்தால், இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நீட்டிப் பிடித்துச் சுற்றச் சொல்லிவிட்டு மார்போடு இழுத்துப் பாருங்கள். (பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.)

உயரமாகக் குதித்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். 60 சென்டிமீட்டர் எழும்பினால் காற்றில் இருக்கும் நேரம் 0.70 வினாடி. அரும்பாடுபட்டு 75 ஆக்கினால் 0.78. கிடைப்பது 0.08 வினாடி. 0.70 வினாடிக்குள் நாலு சுற்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 340 சுற்று வேகம் வேண்டும். சித்திரை வெயிலில் நம் வீட்டு மின்விசிறி கடைசி எண்ணில் வைத்தால் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் ஓடும். அப்போது கைகள் சும்மா ஒட்டிக்கொண்டு இருக்காது. மூன்று கிலோ எடையுள்ள கை, அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று தோராயமாகப் போட்டால், அதை உள்ளே பிடித்து வைக்கவே கிட்டத்தட்ட 60 கிலோ எடையைத் தாங்குகிற பலம் வேண்டும். ஒரு கைக்கு!

இருக்கிற ஆறு வகைத் தாவல்களில் ஆக்செல் ஒன்றுதான் முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்குவது. அதனால் எப்போதும் அரைச் சுற்று கூடுதல். நார்வேக்காரர் ஆக்செல் பால்சென் 1882இல் வியன்னாவில் செய்து காட்டினார். நாலரைச் சுற்று ஆக்செலை ஜப்பானின் யுசுரு ஹன்யு 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முயன்று விழுந்தார். சுற்றும் முழுமையாகவில்லை என்றே கணக்கிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் 17 வயது இலியா மலினின் அதைச் சுத்தமாக இறக்கினார். 2024 மார்ச்சில் மான்ட்ரியல் உலகச் சாம்பியன்ஷிப்பில் அந்த ஆக்செலோடு சேர்த்து ஆறு நாலுசுற்றுத் தாவல்கள்; ஃப்ரீ ஸ்கேட் என்கிற நீளமான இரண்டாம் பகுதியில் 227.79 புள்ளி, அப்போதைய உலகச் சாதனை.

மூன்றரைச் சுற்று ஆக்செலுக்கு அடிப்படை மதிப்பு 8 புள்ளி, நாலரைக்கு 12.5. இறங்கும்போது கால் சுற்றுக்கு மேல் குறைந்தால் அடிப்படை மதிப்பில் 80 சதவீதம்தான் நிற்கும். அரைச் சுற்று குறைந்தால் அதை மூன்றரையாகவே எடுத்துக்கொள்வார்கள். 340 சுற்று வேகத்தில் கால் சுற்று திரும்ப ஆகிற நேரம் 0.04 வினாடி. கண்ணால் தீர்ப்புச் சொல்லக் கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் சந்தேகமான தாவல்களைத் தொழில்நுட்பக் குழு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறது: பிளேடு பனியைத் தொட்டபோது எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்று.