மான் அசைபோடுகிறது, நாம் மஞ்சள் பூசுகிறோம்

உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படிக்கும் என் அக்காவின் மகள், சிறுநீரகப் பாடத்தை ஐந்து தரம் வாசித்துவிட்டதாகச் சொன்னாள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கமெல்லாம் மஞ்சள் மை. மை படாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மூடிவைத்துவிட்டு, "வெயிலில் நிலாவெளிக்குச் சைக்கிளில் போய்வந்தால் சிறுநீர் ஏன் கடும் மஞ்சளாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அது பாடத்தில் இல்லை, மாமா."

இருந்தது. அதன்மேலும் மஞ்சள் பூசியிருந்தாள்.

அவளிடம் சோம்பல் கிடையாது. ஒரே பக்கத்தைத் திரும்ப வாசிக்கும்போது கண் தடங்கலின்றி ஓடுகிறது. அந்த ஓட்டத்தையே மனம் 'தெரியும்' என்று கணக்கெழுதிக்கொள்கிறது. சந்தையில் ஒருவரைக் கண்டால் முகம் தெரிகிறது, பெயர் வருவதில்லை அல்லவா? பார்த்து அடையாளம் பிடிப்பது வேறு, பாராமல் உள்ளிருந்து எடுப்பது வேறு. பரீட்சை மண்டபம் கேட்பது இரண்டாவதை.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இதை அளந்தார்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரு சிறு கட்டுரையை நான்கு தவணை வாசித்தது. இன்னொரு குழு ஒரு தவணை மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் கட்டுரையைப் பாராமல் நினைவில் வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களே முன்னால்: 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வேடிக்கை என்னவென்றால், கிழமை கடந்தும் நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் அந்த முதல் குழுவினர்தான்.

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், மரநிழலில் மான்கள் படுத்திருக்கும். அவசரமாக விழுங்கிய புல்லை வயிற்றிலிருந்து வாய்க்குத் திரும்பக் கொண்டுவந்து ஆறுதலாக மெல்லும். கேட்டதை மனதில் 'அசைபோடுவது' என்று நம்மவர்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான். மேலும் மேலும் புல் மேய்வதற்கு அந்தப் பெயர் இல்லை.

உள்ளிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவுக்குப் போகும் வழி பலப்படுகிறது. எடுக்க முடியாமல் போனாலும் நட்டமில்லை. ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடுவதால், புத்தகத்தைத் திறந்ததும் கண் நேரே அந்த வரியைத் தேடிப் போகிறது. கொஞ்சம் மறக்க விட்டு எடுப்பது இன்னும் நல்லது. பொருளற்ற அசைகளைத் தானே பாடமாக்கிப் பார்த்து ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வின்படி, மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகம்; பிறகு தணிகிறது. ஆகவே இன்று ஒருமுறை, நாளை ஒருமுறை, நான்கு நாள் விட்டு ஒருமுறை என்று எடுத்துப் பார்ப்பது, ஒரே இரவில் பத்து முறை வாசிப்பதைவிட மலிவு.

வேக வாசிப்பு வகுப்புகளுக்குக் காசு கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஏறத்தாழ கால் விநாடி நின்று, தாவி, மறுபடி நிற்கிறது. நிற்கும் இடத்திலும் நடுவிலுள்ள சில எழுத்துகளே தெளிவு. கண்ணை விரட்டினால் விளக்கம்தான் பின்தங்கும். விடயத்தில் பழக்கமும் சொல்வளமும் கூடக்கூட வேகம் தானாக வரும். தலைப்பையும் படங்களையும் முதலில் பார்த்து, ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனால் பாதி வேலை குறையும்.

அன்று மாலை வெறும் கொப்பித் தாள் ஒன்றைக் கொடுத்தேன். சிறுநீரகத்துக்குள் இரத்தத்தை வடிக்கும் நுண்குழாயான சிறுநீரகத்தியை வரைந்து, ஒவ்வோரிடத்திலும் என்ன நடக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தவள், சிறுநீர் வந்து சேரும் கடைசிக் குழாயான சேர்க்கும் கானில் நின்றுவிட்டாள். பேனையைக் கடித்தாள். பிறகு புத்தகத்தைத் திறந்தாள். உடலில் நீர் குறைந்தால் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியிலிருந்து வரும் ஓமோன் அந்தக் கானின் சுவரை நீருக்குத் திறந்துவிடுகிறது. நீர் இரத்தத்துக்குத் திரும்ப, எஞ்சும் சிறுநீர் செறிவாகிறது. மஞ்சள் பூசிய அதே வரி. பக்க ஓரத்தில் பென்சிலால் 'நிலாவெளி' என்று எழுதிவைத்தாள்.