கீனா: புலம்பலா, ஒப்பாரியா?

தமிழ் வேதாகமத்தில் எரேமியாவை அடுத்து வரும் சின்னப் புத்தகம் புலம்பல். எபிரெயத்தில் அதன் பெயர் 'ஏகா'. பாட்டின் முதல் வார்த்தையே பெயராகிவிட்டது, பொருள் 'எப்படி'. எப்படி இருந்த ஊர் இப்படி ஆகிப்போனதே என்கிற 'எப்படி'. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை இடித்துத் தள்ளியதை நினைத்து அழும் ஐந்து பாடல்கள் அதில் உள்ளன. பழைய ரபிமார், அதாவது யூத மத ஆசிரியர்கள், இதைக் 'கீனோத்' என்றும் அழைத்தார்கள். அதன் ஒருமைதான் கீனா. இந்தச் சொல்லைத் தமிழில் புலம்பல் என்பதா, ஒப்பாரி என்பதா?

கீனா வெறும் அழுகை இல்லை. அழுகைக்கு 'பெகி' என்று தனிச் சொல் இருக்கிறது. துக்கம் கொண்டாடுவதற்கு 'மிஸ்பேத்'. நம் மாரடித்தலுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். கீனா என்பது இறந்தவரைக் குறித்துக் கட்டிப் பாடும் பாட்டு. தீர்க்கதரிசி ஆமோஸ் பாடிய ஒரு கீனாவைப் பாருங்கள்:

நாஃப்லா லோ-தோசிஃப் கூம்
பெதூலத் யிஸ்ராஏல்

விழுந்தாள், இனி எழமாட்டாள், இஸ்ரவேல் கன்னி. முதல் அடியில் ஓசை அழுந்தும் இடம் மூன்று, அடுத்ததில் இரண்டு. மூச்சு முட்டி வரி பாதியில் நின்றுவிடுகிற மாதிரி. இந்த மூன்றுக்கு-இரண்டு நடையை 1882இல் கார்ல் புத்தே என்ற ஜெர்மானிய அறிஞர் எடுத்துக்காட்டினார். எல்லாக் கீனாவும் இதற்குள் அடங்காது. போரில் மாண்ட மன்னன் சவுலுக்கும் அவன் மகன் யோனத்தானுக்கும் தாவீது பாடியதே அடங்குவதில்லை. அதைவிட ஆமோஸின் துணிச்சல்தான் பெரிது. உயிரோடு நடமாடிக்கொண்டிருந்த ஒரு தேசத்தின் முகத்துக்கு நேரே அவர் சாவுப்பாட்டு பாடியிருக்கிறார்.

இதைப் பாடியவர்களில் கைதேர்ந்தவர்கள் பெண்கள். எரேமியா 9ஆம் அதிகாரம் அவர்களை வரவழைக்கச் சொல்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அவர்கள் 'புலம்பற்காரிகள்'. கூலிக்கு மாரடிப்பதென்றால் நமக்கு இளக்காரம். ஆனால் அதே வசனத்தில் எபிரெயம் அவர்களை 'ஹகாமோத்' என்கிறது. அறிவுடைய பெண்கள் என்று பொருள். மகளுக்கும் தோழிக்கும் கற்றுக்கொடுக்க வேண்டிய வித்தையாகவே அந்த அதிகாரம் இதைப் பார்க்கிறது. பிற்காலத்தில், கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில், பரம ஏழையானாலும் மனைவி இறந்தால் இரண்டு குழலுக்கும் ஒரு புலம்பற்காரிக்கும் குறையக்கூடாது என்று ரபி யூதா சொல்கிறார். அதே மிஷ்னா கீனாவுக்கு இலக்கணமும் தருகிறது: எல்லாரும் சேர்ந்து பாடினால் அது 'இன்னூய்', ஒருத்தி சொல்ல மற்றவர்கள் பின்சொன்னால் அது கீனா.

இதைப் படித்ததும் நமக்கு வேறெந்தச் சொல் வரும்? ஒப்பாரிதான். ஒருத்தி ஒப்புச் சொல்லி எடுத்துக்கொடுக்க, கட்டிக்கொண்டு அழும் மற்றவர்கள் தொடரும் அதே ஏற்பாடு. ஆகவே பெண்கள் கூடிப் பாடும் இடத்தில் கீனாவுக்கு ஒப்பாரி என்பதே சரி. தாவீதின் பாட்டுக்கு மட்டும் அது பொருந்தாது. மன்னன் மாண்டபின் அவனைப் பாடுவதைப் புறத்திணையில் கையறுநிலை என்பார்கள்; பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' அந்த வகை. தாவீதை அங்கே உட்காரவைக்கலாம்.

அப்புறம் புத்தகத்தின் தலைப்பு? அதை மாற்ற வேண்டாம் என்பேன். 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பிய உரியியல். புலம்பல் என்பதற்குள்ளேயே ஆளில்லாத வெறுமை இருக்கிறது. தலைப்பிட்டவர்கள் அந்தச் சூத்திரத்தை நினைத்தார்களோ என்னவோ, புத்தகம் தொடங்குவது இப்படி: "ஐயோ! ஜனம்பெருத்த நகரி தனிமையாக உட்கார்ந்திருக்கிறாளே!"