ஒரு பக்கம் மட்டும் சுரண்டுங்கள்: பெண் பிள்ளைகள் கையில் ஒரு மோட்டார்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். சார்ட்டில் அழகாக எழுதுவது, வண்ணம் தீட்டுவது, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வது எல்லாம் பெண் பிள்ளைகள். ஒயரை உரித்தவர், ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவர் யார் என்று கேட்டால் அது அண்ணனாகவோ அப்பாவாகவோ அதே குழுவில் இருக்கும் பையனாகவோ இருப்பார். அந்தப் பிள்ளைக்குத் தியரி தெரியும், பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கும், ஆனால் செய்து வைத்த மாடல் நடுவில் நின்றுபோனால் எங்கே கை வைப்பது என்று தெரியாது. பெண் பிள்ளைகளுக்கென்று தனியாகச் செய்முறை வகுப்பு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: பழுது பார்க்கிற நேரம் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

அதனால் முதல் வகுப்பில் நான் எப்போதும் எடுப்பது ஊக்கு மோட்டார். செலவு குறைவு என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், அது பெரும்பாலும் முதல் தடவை சுற்றாது.

தேவையானவை இவ்வளவுதான்: டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய பேட்டரி ஒன்று, பெரிய ஊக்கு இரண்டு, பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் அல்லது கடையில் விற்கும் வட்டக் காந்தம், சைக்கிள் டியூபை வெட்டி எடுத்த ரப்பர் பட்டை, ஒரு மீட்டர் எனாமல் செம்புக் கம்பி, கொஞ்சம் உப்புத்தாள். கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 24 கேஜ் என்று கேட்டால் தருவார்கள். முடிந்தால் பிள்ளைகளையும் அந்தக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எரிந்துபோன மோட்டாரின் கருகிய காயிலை வெட்டி எடுத்துப் புதுக்கம்பி சுற்றுவதை நேரில் பார்த்தால், வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் படம் போட்டு விளக்க வேண்டியிருக்காது.

கம்பியை ஒரு மார்க்கர் பேனாவின் மேல் பத்துச் சுற்றுச் சுற்றி உருவி எடுங்கள், இந்தக் கம்பி வளையம்தான் நம் காயில். இரண்டு முனைகளையும் வளையத்தின் மேல் ஓரிரு சுற்றுச் சுற்றி இறுக்கி, எதிரெதிர்த் திசையில் நேராக நீட்டிவிட வேண்டும், இந்த இரண்டு நீட்டல்களும்தான் அச்சு. பேட்டரியைப் படுக்க வைத்து, அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் ஊக்கின் தலைப்பகுதியை வைத்து ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். ஊக்கின் அடியில் இருக்கும் சின்ன வளையம் மேலே பார்த்து நிற்கட்டும், அதில்தான் அச்சு உட்காரும். காந்தத்தைக் காயிலுக்கு நேர் கீழே பேட்டரியின் மேல் வைத்தால், பேட்டரிக்கு இரும்பு உறை இருக்கும் பட்சத்தில் தானே ஒட்டிக்கொள்ளும்.

இனி வருவதுதான் இந்த மோட்டாரின் உயிர். கம்பியின் மேல் இருக்கும் எனாமல் மின்சாரத்தை விடாது, அதனால் முனைகளைச் சுரண்ட வேண்டும். ஒரு முனையைச் சுற்றிலும் முழுசாகச் சுரண்டிவிடலாம். இன்னொரு முனைக்கு வரும்போது, காயிலை நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, கம்பியின் மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும், கீழ்ப் பாதியில் எனாமல் அப்படியே இருக்க வேண்டும். ஏன் பாதி என்று பிள்ளைகள் கேட்பார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள்.

மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் அந்தக் கம்பியின் மேல் ஒரு விசை விழும், அந்த விசை மின்சாரம் ஓடும் திசைக்கும் காந்தப்புலத்தின் திசைக்கும் செங்குத்தாக இருக்கும். 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டார். மறுவருடமே லண்டனில் மைக்கேல் ஃபாரடே அதைத் திருப்பிப் போட்டு, பாதரசக் கிண்ணத்தில் நின்ற காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பியைச் சுழலவே வைத்துவிட்டார். நம் மோட்டாரில் காந்தம் கீழே இருக்கிறது, புலம் மேலும் கீழுமாகப் போகிறது, காயிலின் அடிப்பக்கக் கம்பியில் மின்சாரம் கிடைமட்டமாக ஓடுகிறது, ஆகவே அந்த அடிப்பக்கம் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. மேல்பக்கத்தில் மின்சாரம் எதிர்த் திசையில் ஓடுவதால் அது எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்றால் காயில் திரும்பத்தானே செய்யும்?

திரும்பும், ஆனால் அரைச் சுற்று போனதும் சிக்கல். இதுவரை மேலே இருந்த கம்பி இப்போது அடியில் இருக்கிறது, அதில் மின்சாரம் எதிர்த் திசையில் ஓடுகிறது, அதனால் காந்தம் அதை வந்த வழியே திருப்பித் தள்ளுகிறது. இரண்டு முனைகளையும் முழுசாகச் சுரண்டியிருந்தால் காயில் இப்படியும் அப்படியும் ஆடிவிட்டு, படுத்த நிலையில் போய் நின்றுவிடும். (சில சமயம் ஆட்டத்தில் தொடுப்பு விட்டுவிட்டு வருவதால் அப்படியும் சுற்றிவிடுவதுண்டு. அதைக் கவனித்து ஏன் என்று கேட்கிற பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.) பாதி சுரண்டிய முனையில் நடப்பது வேறு. சரியான பக்கம் தள்ளும் அரைச் சுற்றுக்குச் செம்பு ஊக்கைத் தொடுகிறது, மின்சாரம் ஓடுகிறது. தப்பான பக்கம் தள்ள வேண்டிய அரைச் சுற்றில் எனாமல் குறுக்கே வந்து மின்சாரத்தை நிறுத்திவிடுகிறது, காயில் ஏற்கெனவே வாங்கிய வேகத்திலேயே அந்தப் பாதியைக் கடந்துவிடுகிறது. ஊஞ்சலை முன்னால் போகும்போது மட்டும் தள்ளிவிட்டு, திரும்பி வரும்போது கையை எடுத்துக்கொள்கிறோமே, அதுதான்.

காயிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டச் சொன்னதும் இதனால்தான். காயில் நிமிர்ந்து நிற்கும்போது சுழற்றும் விசை அதிகம், படுத்திருக்கும்போது சுத்தமாக இல்லை. ஆகவே நிமிர்ந்த நிலை, மின்சாரம் ஓடும் அரைச் சுற்றின் நடுவில் வர வேண்டும். படுக்க வைத்துக்கொண்டு மேல் பாதியைச் சுரண்டினால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் தள்ளுகிற நேரமும் தடுக்கிற நேரமும் சரிபாதியாகிவிடும்.

சரி, எல்லாம் சொன்னபடி செய்தாயிற்று, வளையத்தில் உட்கார வைத்து விரலால் லேசாகத் தட்டிவிட்டாயிற்று. “அக்கா, சுத்தல!” என்று நாலு பக்கத்தில் இருந்தும் குரல் வரும். இந்த இடத்தில் எழுந்துபோய்ச் சரிசெய்து கொடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கேள்வி மட்டும் கேட்கலாம். காயிலை எடுத்துவிட்டு வெறும் விரலால் உருட்டிப் பார்த்தாயா, தள்ளாடுகிறதா? தள்ளாடினால் அச்சு நடுவில் இல்லை, ஒரு பக்கம் கனம். கம்பி உண்மையிலேயே சுரண்டியிருக்கிறதா? சில கம்பிகளில் எனாமல் நிறமே இல்லாமல் செம்பு மாதிரியே பளபளக்கும், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் உரிந்த இடத்தின் வெளிர் ரோஜா நிறம் தெரியும். ஊக்கு பேட்டரியை நன்றாகத் தொடுகிறதா? விரலால் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தால் சுற்றி, விட்டால் நிற்கிறதென்றால் ரப்பர் பட்டை தளர்வு. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு பிள்ளை அதுவரை தலையைக் குனிந்துகொண்டு தன் காயிலையே பார்த்துக்கொண்டிருக்கும், திடீரென்று அது சரசரவென்று சுற்ற ஆரம்பித்து, கம்பி தெரியாமல் ஒரு மங்கலான உருண்டையாக மாறும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

சுற்ற ஆரம்பித்ததும் விட்டுவிடாமல் அடுத்த கேள்வியைப் போடுங்கள். காந்தத்தைத் திருப்பிப் போட்டால் எந்தப் பக்கம் சுற்றும்? பேட்டரியைத் திருப்பினால்? இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்? முதலில் நோட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் செய்து பார்க்க வேண்டும். ஒன்றை மாற்றினால் திசை மாறும், இரண்டையும் மாற்றினால் பழையபடியே சுற்றும். இதைச் சொல்லிக் கொடுப்பதற்கும் தானே ஊகித்துச் சரியாக வருவதைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் காயிலின் மின்தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அதனால் சுற்றாமல் நிற்கும்போது பேட்டரியை ஷார்ட் செய்த மாதிரிதான், காயிலும் பேட்டரியும் சூடாகிவிடும். சுற்றவில்லை என்றால் உடனே எடுத்துவிட வேண்டும். செல்போன் பேட்டரி, பவர் பேங்க், வீட்டு பிளக் பாயிண்ட், இது எதுவும் இந்த வேலைக்குக் கூடவே கூடாது.

சட்னி அரைக்கும்போது மிக்ஸி சிக்கிக்கொண்டு கருகல் வாடை வருகிறதே, அங்கே நடப்பதும் இதுதான். சுற்றும் காயில் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். சுற்றல் நின்றால் அந்தத் தடுப்பும் போய் மின்சாரம் எகிறிவிடும். மிக்ஸிக்குள் நம் பாதி சுரண்டிய முனையின் பெரிய வடிவமே இருக்கிறது: துண்டு துண்டாகப் பிரிந்த செம்பு வளையம், அதை அழுத்திக்கொண்டு நிற்கும் இரண்டு கார்பன் பிரஷ். நம்முடையது தப்பான பாதியில் மின்சாரத்தை நிறுத்த மட்டும்தான் செய்யும். அது திசையையே திருப்பிவிடுகிறது, ஆகவே முழுச் சுற்றும் தள்ளு கிடைக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த வில்லியம் ஸ்டர்ஜன் 1832இல் இப்படித் திசை மாற்றும் அமைப்போடு மோட்டார் செய்தார். இப்போது கடையில் விற்கும் பிஎல்டிசி ஃபேனில் பிரஷ் கிடையாது, எப்போது எந்தக் காயிலுக்கு மின்சாரம் தர வேண்டும் என்பதை ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் பார்த்துக்கொள்கிறது. உப்புத்தாளால் நம் பிள்ளைகள் செய்த அதே முடிவை அங்கே ஒரு சிப் செய்கிறது.

அடுத்த வகுப்புக்கு உடைந்த பொம்மைக் கார்களில் இருந்து சின்ன மோட்டார்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரி வேண்டாம். இரண்டு ஒயரிலும் ஒரு சிவப்பு எல்இடியை இணைத்து, அச்சில் நூலைச் சுற்றி விருட்டென்று இழுத்தால் எல்இடி பளிச்சென்று மின்னும். மின்னவில்லை என்றால் எல்இடியின் கால்களை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டாரைக் கையால் சுற்றினால் அது ஜெனரேட்டர்.

அன்றைக்கு நான் லலிதாவைப் பற்றிச் சொல்வேன். 1919இல் சென்னையில் பிறந்த அய்யலசோமயாஜுல லலிதா, பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படித்து 1943இல் பட்டம் பெற்றார். இந்தியாவில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். பட்டச் சான்றிதழில் ஆண்பால் சொல்தான் அச்சாகியிருந்தது, அதை அடித்துவிட்டுப் பெண்பாலைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பயிற்சிக்கு அவர் போனது ஜமால்பூர் ரயில்வே பணிமனைக்கு. பின்னாளில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது மின்கடத்தல் பாதைகளையும் துணை மின்நிலையங்களையும் வடிவமைத்தார், பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் ஜெனரேட்டர் வேலைகளிலும் பங்கெடுத்தார். நூலை இழுத்து எல்இடியை எரிய வைத்த கையோடு இதைக் கேட்கிற பிள்ளைக்கு, ஜெனரேட்டர் என்பது எங்கோ இருக்கும் யாரோ ஒருவரின் வேலையாகத் தெரியாது.

தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வானவில் மன்றம் என்ற செய்முறைத் திட்டம் 2022 நவம்பரில் தொடங்கியதில் இருந்து இப்படிப்பட்ட செய்முறைகளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே வகுப்பெடுப்பவர்களுக்கு என் யோசனை: இந்த மோட்டாரை நாலைந்து பேருக்கு ஒன்று என்று கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் ஒருவர் சுற்றுவார், ஒருவர் சுரண்டுவார், மற்றவர்கள் நோட்டில் எழுதுவார்கள், எழுதுவது யார் என்று உங்களுக்கே தெரியும். பேட்டரியும் காந்தமும் பொதுவாக இருக்கலாம். காயில் மட்டும் ஆளுக்கொன்று, அவரவர் சுரண்டியது.