எதிர்ப்பு சக்தியைக் கூட்டித் தரச் சொல்லாதீர்கள்

சென்ற வாரம் என் அறைக்கு வந்த இளம்பெண்ணிடம் நான் முதலில் பார்த்தது, அவருடைய கணுக்காலில் காலுறையின் விளிம்பு பதித்திருந்த தடத்தை. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி சில நொடிகள் அப்படியே நின்றது. சிறுநீரில் நனைத்த பரிசோதனைப் பட்டையில், மஞ்சளாகவே இருந்திருக்க வேண்டிய புரதக் கட்டம் கரும்பச்சைக்குப் போனது. சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். எதிர்ப்பு சக்தி சொந்த உடலையே தாக்கும் லூப்பஸ் நோய்க்காக மூன்றாண்டுகளாக என்னிடம் வரும் அவர், கடைசி இரண்டாண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர். நான்கு மாதங்களுக்கு முன் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, உடன் வந்திருந்த தந்தை பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும் என்று அதன்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. "நீங்க கொடுக்கிற மாத்திரை எதிர்ப்பு சக்தியைக் குறைக்குதாமே டாக்டர், அது குறையறதாலதானே நோயே வருது?" என்றார்.

இதே கேள்வியோடும் இதே மாதிரியான டப்பாவோடும் வருகிறவர்களை எண்ணுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். அந்தத் தந்தைமீது எனக்குக் கோபமில்லை. மகளுக்கு நல்லது செய்வதாகவே அவர் நினைத்தார். திரும்பிய பக்கமெல்லாம் எதிர்ப்பு சக்தியைக் கூட்டு, கூட்டு என்று சொல்லப்படும்போது, அதைக் குறைக்கிற மாத்திரையை ஒருவர் சந்தேகிப்பதில் வியப்பேதும் இல்லை. கோபமெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லின்மீதுதான்.

எதிர்ப்பு சக்தி என்பதைத் தொட்டியில் நிற்கும் தண்ணீரைப் போலப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். மட்டம் குறைந்தால் நோய் வரும், நிரம்பி வழிந்தால் எதுவும் அண்டாது, ஆகவே எப்போதும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. உடலில் அப்படி ஒரு தொட்டியும் இல்லை, அளந்து சொல்ல ஒரு மட்டமும் இல்லை. "என் எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்கிறது என்று ரத்தத்தில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கக்கூடிய ஒற்றை எண் எதுவும் கிடையாது. பல வகை உயிரணுக்களும் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களும் சேர்ந்த ஏற்பாடு அது. அதில் ஒரு பகுதி தாக்குகிறது, இன்னொரு பகுதி தாக்குதலை நிறுத்துகிறது. யாரைத் தாக்குவது, எப்போது நிறுத்துவது என்பதில் பிழை நேர்ந்தால், தாக்கும் வலிமை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு சேதம். லூப்பஸ், முடக்குவாதம், முதல் வகை நீரிழிவு, நரம்புகளின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தைராய்டு சுரப்பியை அழிக்கும் ஹாஷிமோட்டோ நோய் ஆகிய அனைத்தும் இந்தப் பிழையில் பிறக்கும் தன்னுடல் தாக்குநோய்கள். வேலியே பயிரை மேய்கிறது என்று தெரிந்த பிறகும் வேலிக்கு உரம் போடச் சொல்கிறவரிடம் என்ன சொல்வது?

தன்னுடல் தாக்குநோய் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். சளிக்காய்ச்சலில் நம்மைப் படுக்கவைக்கும் காய்ச்சல், உடல்வலி, மூக்கடைப்பு ஆகியவற்றில் பெரும்பங்கு நம் எதிர்ப்பு சக்தியே செய்யும் வேலைதான். கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். எதிர்ப்பு சக்தி என்ற சொல்லின் பெயரால் உலகமே எதையெதையோ வாங்கி விழுங்கிக்கொண்டிருந்த 2020 ஜூனில், பிரிட்டனில் நடந்த ரெகவரி ஆய்வின் ஒரு பெரிய முடிவு வெளியானது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் இறப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறைத்த மருந்து டெக்ஸாமெத்தசோன். நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள், விலை மலிவான பழைய ஸ்டீராய்டு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து! கட்டுமீறிய எதிர்வினையே நுரையீரலைச் சிதைத்துக்கொண்டிருந்த கட்டத்தில் அது உயிர்காத்தது. அதே ஆய்வில், ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அந்த மருந்தால் பலன் ஏதும் கிடைக்கவில்லை. கெடுதல் இருக்கலாம் என்ற ஐயமே எழுந்தது. கூட்டுவதும் குறைப்பதும் யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் மருத்துவம் இருக்கிறது. (காய்ச்சல் வந்த முதல் நாளே தாமாகவே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்களையும் அப்போது பார்த்தோம். அது வேறொரு வயிற்றெரிச்சல், இங்கே விட்டுவிடுகிறேன்.)

எதிர்ப்பு சக்தியை உண்மையிலேயே கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2006 மார்ச்சில் லண்டனில் ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் ஒரு புதிய மருந்து சோதனைக்காக முதன்முறையாகச் செலுத்தப்பட்டது. டிஜிஎன்1412 என்பது அதன் குறிப்பெண். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. அடுத்த சில மணி நேரங்களில் ஆறு பேரும் பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்கள். ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். ஒருவர் விரல்களை இழந்தார். எங்கள் துறையில் படித்தவர் எவரும் அந்த நாளை மறப்பதில்லை.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் சில புதிய மருந்துகளும் இதே வகையில் சேரும். டி செல்களின் தடைகளை விலக்கினால் அவை புற்றுநோயைத் தாக்கும் என்ற கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்களை அந்த மருந்துகள் உருவாக்கின. ஆனால் தடை விலகிய டி செல்கள் புற்றுநோயோடு நிற்பதில்லை. குடல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல், அரிதாக இதயத் தசை என்று எதையும் தாக்கக்கூடியவை. அப்படித் தாக்கும்போது புற்றுநோய் மருத்துவர்கள் எங்களைப் போன்றவர்களை அழைக்கிறார்கள், நாங்கள் ஸ்டீராய்டு கொடுத்து அடக்குகிறோம். எதிர்ப்பு சக்தியை மெய்யாகவே கூட்டுகிற மருந்துக்கு இவ்வளவு பெரிய விலை இருக்கிறது. டப்பாவில் வருவது எந்தத் தீங்கும் இல்லாமல் கூட்டுகிறது என்றால், அது எதையுமே கூட்டவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு எதற்குக் கிடைத்தது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். மேரி புரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவரும் பரிசு பெற்றது, எதிர்ப்பு மண்டலத்தின் பிரேக்கைக் கண்டறிந்ததற்காக. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒரு வகை டி செல்கள் உண்டு என்று சகாகுச்சி 1995இல் எழுதியபோது, அந்தக் கருத்து செத்துப்போனது என்று துறையில் பலரும் முடிவுகட்டியிருந்தார்கள். புரன்கோவும் ராம்ஸ்டெலும் வேறொரு முனையிலிருந்து வந்தார்கள். 1940களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், தோல் செதில்செதிலாக உரிந்து, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கி, சில வாரங்களிலேயே செத்துப்போகும் ஆண் எலிக்குஞ்சுகள் பிறந்தன. ஸ்கர்ஃபி என்று பெயரிட்டு அந்தப் பரம்பரையைக் காத்துவந்தார்கள். அவற்றைக் கொல்லும் பிழை எக்ஸ் குரோமோசோமில் எங்கே இருக்கிறது என்று இருவரும் தேடி, இருபது மரபணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதிவரை குறுக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், இருபதாவதில் அதைப் பிடித்தார்கள். ஃபாக்ஸ்பி3 என்ற அந்த மரபணு பழுதானால் குழந்தைகளுக்கும் ஐபெக்ஸ் என்ற கொடிய தன்னுடல் தாக்குநோய் வருகிறது என்பதை 2001இல் வெளியிட்டார்கள். அந்த எலிகளின் உடலில் தாக்கும் சக்திக்குக் குறைவே இல்லை. அடக்கும் செல்கள் இல்லாததால் செத்தன. பரிசு அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே, இனி எதிர்ப்பு சக்தியைக் கூட்ட நோபல் வழி என்ற தலைப்போடு ஒரு செய்தியை எனக்கே அனுப்பிவைத்தார் ஒரு நோயாளி. படித்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

புதிய ஆராய்ச்சிச் செய்திகளால் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் வேறு வகை. கார்-டி என்ற செல் சிகிச்சை லூப்பஸைக் குணப்படுத்திவிட்டதாம், அதுவரை இந்த மாத்திரை எதற்கு என்று கேட்கிறார்கள். செய்தி பொய்யில்லை. நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்தும் அந்தச் சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்காக உருவானது. அதை ஜெர்மனியின் எர்லாங்கனில் கியோர்க் ஷெட்டின் குழுவினர் 2021இல் கடும் லூப்பஸ் இருந்த ஓர் இளம்பெண்ணுக்குக் கொடுத்தார்கள். 2024இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் பதினைந்து பேர். அதில் லூப்பஸ் நோயாளிகள் எட்டு. அந்த எட்டுப் பேரின் நோயும் அடங்கியது, பதினைந்து பேரும் மற்ற அடக்கு மருந்துகளை நிறுத்த முடிந்தது. எங்கள் துறையில் இப்படி ஒரு முடிவை நான் எதிர்பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்கள் மற்ற மருந்துகள் கைகொடுக்காத கடும் நோயாளிகள். சிகிச்சைக்கு முன் கீமோதெரபி கொடுக்க வேண்டும். பிறகு அந்தச் செல்கள், எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் பி செல்களைத் துடைத்து அழிக்கின்றன. பலருக்குக் காய்ச்சலோடு கூடிய அழற்சி வந்தது. இதுவும் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதியை அகற்றுவதுதான். நோய் அடங்கியிருக்கும் ஒருவர் இதற்காகக் காத்திருந்து மாத்திரையை விடுவது, பாலம் கட்டப்போகிறார்கள் என்ற செய்தியைப் படித்துவிட்டுப் படகைவிட்டு நடு ஆற்றில் இறங்குவதுபோல.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பது ஊகமல்ல. கனடாவில் நடத்தி 1991இல் வெளியான ஆய்வில், லூப்பஸ் அடங்கியிருந்த 47 பேரில் 25 பேருக்கு, லூப்பஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடர்ந்து கொடுத்து, 22 பேரை வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்குள், தொடர்ந்தவர்களில் ஒன்பது பேருக்கும் மாற்றப்பட்டவர்களில் பதினாறு பேருக்கும் நோய் மீண்டும் கிளம்பியது. நன்றாக இருக்கிறேனே, எதற்கு மாத்திரை என்று கேட்கும் ஒவ்வொருவரிடமும் இந்த இரண்டு எண்களைச் சொல்கிறேன். மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறீர்கள்.

அந்தத் தந்தை சொன்னதில் ஓர் உண்மை உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக நடந்துகொண்டவனாக மாட்டேன். இந்த மருந்துகளில் பல, தொற்றுகளுக்கு இடம் கொடுக்கின்றன. அதற்கான காப்பு தடுப்பூசி. எதிர்ப்பு மண்டலத்துக்குக் குறிப்பிட்ட கிருமியை அடையாளம் காட்டிப் பயிற்றுவிக்கும், சோதித்து நிறுவப்பட்ட வழி அது. இன்ஃப்ளூயன்ஸாவுக்கும், நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸுக்கும் உரிய தடுப்பூசிகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். உயிருள்ள கிருமிகளை வலுவிழக்கச் செய்து தயாரித்தவற்றை மட்டும், அடக்கு மருந்து எடுக்கும்போது கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், நாளை பார்ப்போம் என்று இருக்காமல் அன்றே தகவல் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டைப் பல வாரங்களாக எடுத்துவருபவர்கள் அதை ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமுமாக அவசரப் பிரிவுக்குப் போவீர்கள். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை. வாரத்துக்கு ஒருமுறை! தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வருபவர்களை இன்னும் பார்க்கிறோம். எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கண்ணைக் கெடுக்கும் என்று பயந்து அதை விடாதீர்கள். தொடங்கும்போது ஒருமுறையும் ஐந்தாண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்தால் பெரும்பாலானோருக்குப் போதும். கருத்தரித்தது தெரிந்ததும் பதறி எல்லா மாத்திரைகளையும் நிறுத்துகிறார்கள். கர்ப்பத்தில் தொடர வேண்டியதும் அதே ஹைட்ராக்சிகுளோரோகுயின்தான், முன்கூட்டியே மாற்ற வேண்டியவை வேறு. ஆகவே குழந்தைக்குத் திட்டமிடும்போதே வாருங்கள்.

வாங்கிச் சாப்பிடும் பொடி, குளிகை, சொட்டு எதுவானாலும் டப்பாவோடு கொண்டுவந்து காட்டுங்கள், திட்டமாட்டேன். எக்கினேஷியா, ஸ்பைருலினா ஆகியவற்றுக்குப் பின் தன்னுடல் தாக்குநோய்கள் கிளம்பியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மூட்டுவலிக்கென்று விற்ற ஒரு துணைப்பொருளில், மேலே எழுதாமலேயே டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்ததை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் கண்டறிந்து எச்சரித்தது. என்ன எடுக்கிறோம் என்று தெரியாமலேயே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பெண்ணின் சிறுநீரகப் பயாப்சி முடிவு நேற்று வந்தது. நான்காம் வகை லூப்பஸ் சிறுநீரக அழற்சி. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் கூடும் கிரியாட்டினின் இன்னும் பெரிதாக ஏறவில்லை என்பதால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. மூன்று நாள் சிரைவழி ஸ்டீராய்டு, பிறகு மைக்கோஃபினோலேட் என்ற அடக்கு மருந்து. அவர் நிறுத்திய ஹைட்ராக்சிகுளோரோகுயினும் மீண்டும் தொடங்கிவிட்டது. முன்பு எடுத்துவந்ததைவிடப் பல மடங்கு வலிமையான அடக்கு மருந்துகளை இப்போது கொடுக்க வேண்டியிருக்கிறது. தந்தை அந்த டப்பாவை என் மேசையிலேயே விட்டுப்போயிருந்தார். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்கவேண்டிய எழுத்தில், வேறு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கலந்துகொள்ளவும் என்று இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அடுத்த சிறுநீர்ப் பரிசோதனை இரண்டு வாரத்தில்.