அடைமழைல படுத்தே கிடக்குறவங்கள சோம்பேறின்னு சொல்லாதீங்க

மன்னார்குடி பக்கம் மனநல டாக்டரா இருக்கேன். வருஷா வருஷம் ஐப்பசி கார்த்திகை வந்தா "எந்திரிக்கவே மனசு வரல சார், படுத்தா படுத்த எடம்தான்"னு சொல்லிட்டு ஆட்கள் வர ஆரம்பிச்சிடுவாங்க, கூட வர்ற வீட்டுக்காரரோ அம்மாவோ "எல்லாம் சோம்பேறித்தனம் சார்"னு அவங்க முன்னாடியே சொல்லுவாங்க, அத கேட்டு அவங்க தலைய குனிஞ்சிக்கும்போது எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

குளிர்காலத்துல மட்டும் வந்து போற டிப்ரஷன பத்தி 1984ல நார்மன் ரோசன்தால்ங்கிற மனநல டாக்டரும் அவரோட டீமும் அமெரிக்காவுல எழுதுனாங்க. அங்கல்லாம் குளிர்காலத்துல பகலே சுருங்கிடும். நம்ம தஞ்சாவூர்ல ஆனி மாச பகலுக்கும் மார்கழி பகலுக்கும் சுமார் ஒன்னேகால் மணி நேரம்தான் வித்தியாசம், அதனால அந்த வியாதி அப்படியே இங்க வருதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா மூணு நாலு நாள் விடாம பெஞ்சா நாம கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு டியூப்லைட்லயே கிடக்குறோம்ல, அந்த வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ்னா வெளிச்சத்த அளக்குற அளவு), மேகம் மூடுன நாள்ல கூட வாசல்ல ஆயிரக்கணக்குல இருக்கும். மூளை காலை வெளிச்சத்த வச்சுதான் தூக்கத்துக்கு டைம் பாக்குது, அது கிடைக்கலன்னா ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும், பகல் முழுக்க மந்தம். இதுல சம்பா நட்டு உரம் போட்டு கையில காசு இருக்காது, நகை சொசைட்டில கிடக்கும், வயல்ல நிக்கிற தண்ணி வடியுமான்னு கவல வேற. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சதுக்கு அப்புறம் காத்து சத்தம் கேட்டாலே தூக்கம் போயிடுதுன்னு சொல்றவங்களையும் பாத்திருக்கேன்.

கத்திரில வேற மாதிரி. ராத்திரி புழுக்கத்துல தூக்கம் கெட்டு, பசி போயி, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல் வரும். பைபோலார், அதாவது மனசு ஒரு சமயம் ரொம்ப தாழ்ந்தும் ஒரு சமயம் அளவுக்கு மீறி எகிறியும் போற வியாதி இருக்குறவங்களுக்கு தூக்கம் கெட்டாலே அந்த எகிறுற கட்டமான மேனியா கிளம்பலாம். அந்த வியாதிக்கு குடுக்குற லித்தியம் மாத்திர சாப்பிடுறவங்க இன்னும் கவனமா இருக்கணும், வேர்த்து உடம்புல தண்ணியும் உப்பும் குறைஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறிடும், கை நடுக்கம், வாந்தி, வயித்தால போறது, தள்ளாட்டம் இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.

மழ விட்டா காலைல அரை மணி நேரம் வெளிய நடங்க, எந்திரிக்கிற நேரத்த மாத்தாதீங்க. பொம்பளைங்க அசதின்னு வந்தா நான் முதல்ல ரத்தசோகை, தைராய்டு டெஸ்ட்தான் எழுதுவேன், நிறைய பேருக்கு அதுலயே விஷயம் தெரிஞ்சிடும். ரெண்டு வாரம் தாண்டியும் எதுலயும் பிடிப்பு இல்லாம இருந்தா டாக்டர பாருங்க.

"இருந்து என்ன பண்ண"ங்கிற மாதிரி யாராவது பேசினா அத வெளையாட்டா எடுக்காதீங்க, அவங்கள தனியா விடாதீங்க, வீட்டுல இருக்குற பூச்சி மருந்த பூட்டி சாவிய நீங்க வச்சுக்கங்க, டெலிமனாஸ்ங்கிற அரசாங்க மனநல உதவி போன் 14416க்கு ராத்திரி பகல் எப்ப வேணா அடிக்கலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.