ரத்தம் நின்றுவிட்டதே, இனி எதற்கு சிஸ்டோஸ்கோபி?

சிறுநீரில் ரத்தம் போனது என்று வருகிறவர்கள் பலர் அடுத்து சொல்வது இதைத்தான்: "ஒரு நாள்தான் டாக்டர் போச்சு, அப்புறம் தானா நின்னுருச்சு." சிறுநீர் வழியாக மெல்லிய கேமராக் கருவியை விட்டுச் சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பதுதான் சிஸ்டோஸ்கோபி; அது இனி எதற்கு என்று கேட்பார்கள். வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்து இளநீர் குடித்திருப்பார்கள். மறுநாள் சிறுநீர் தெளிந்திருக்கும். இளநீரில் சரியாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பல மாதங்கள் ஓடிவிடும். அடுத்த முறை ரத்தம் கட்டி கட்டியாக வந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு, நடு ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவார்கள்.

வலியோடு வரும் ரத்தத்தைவிட வலியே இல்லாமல் வரும் ரத்தம்தான் எனக்கு அதிகக் கவலை தரும். கிட்னி கல் என்றால் பெரும்பாலும் வலி காட்டிக்கொடுத்துவிடும். கிருமித் தொற்று என்றால் எரிச்சல் இருக்கும். சிறுநீர்ப்பையில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் வலிக்காது. கட்டியின் மேலிருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் கசியும், நிற்கும், சில வாரமோ மாதமோ கழித்து மறுபடி கசியும். விட்டு விட்டு வருவது அந்த நோயின் சுபாவம். ரத்தம் நின்றதை வைத்து நோய் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

சிவப்பாகப் போனதெல்லாம் ரத்தம் என்றும் இல்லை. பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரையிலும் ஆரஞ்சு, சிவப்பு நிறம் வரும். அதனால் முதலில் சாதாரண யூரின் டெஸ்ட். அதில் ரத்த அணுக்கள் இருப்பது உறுதியானால், அதுவும் நாற்பதைத் தாண்டியவராகவோ பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவராகவோ இருந்தால், சிறுநீர்ப்பைக்குள் பார்த்தே ஆக வேண்டும். புகையிலைக்கும் நுரையீரலுக்கும் உள்ள தொடர்பு எல்லோருக்கும் தெரியும். அந்த நச்சு சிறுநீரகம் வழியாக வடிந்து சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தங்கி நிற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான்.

இரண்டு பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், "மாத்திரையாலதான் ரத்தம் வருது" என்று விட்டுவிடுகிறார்கள். கசியக் காரணமான ஒன்று உள்ளே இருந்து, மாத்திரை அதை வெளியே காட்டியிருக்கலாம். அதனால் அவர்களுக்கும் பரிசோதனை தேவை. இன்னொன்று பெண்கள். ரத்தம் போனாலே இன்ஃபெக்ஷன் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடுவதும், கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) பார்க்காமலே ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றி எழுதுவதும் நடக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ரத்தம் சிறுநீரில் வருகிறதா, கர்ப்பப்பையிலிருந்து வருகிறதா என்ற குழப்பத்திலேயே நாள் போகிறது. மருந்து முடிந்த பிறகும் ரத்தம் தெரிந்தால், "உள்ளே பார்க்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

"ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லேன்னு வந்துருச்சே டாக்டர்?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. வயிற்று ஸ்கேன் அவசியம்தான், சிறுநீரகத்தை அது நன்றாகக் காட்டும். ஆனால் சிறுநீர்ப்பையின் உட்சுவரில் சில மில்லிமீட்டர் அளவில் இருக்கும் கட்டியை அது தவறவிடலாம். கட்டியாகவே எழும்பாமல் சுவரோடு சுவராகப் படர்ந்திருக்கும் ஒரு வகைப் புற்றுநோய் சி.டி. ஸ்கேனில்கூடத் தெரியாமல் போகலாம். கேமராவில் பார்த்தால் வெளிர் இளஞ்சிவப்புச் சுவரில் வெல்வெட் மாதிரி ஒரு சிவந்த திட்டாகத் தென்படும்.

சரி, பயத்துக்கு வருவோம். ஆண்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெரும்பாலும் "அந்த இடத்துல டியூப் விடுவாங்களாமே" என்ற பயத்தால்தான். கருவி இரண்டு வகை. வளையும் கருவி சுமார் ஐந்து மில்லிமீட்டர் தடிமன், பென்சிலைவிட மெல்லிசு. மரத்துப்போகும் ஜெல் மட்டும் போட்டுச் செய்யலாம், பட்டினி கிடக்க வேண்டியதில்லை. வளையாத உலோகக் கருவி கொஞ்சம் தடிமன். பெண்களுக்குச் சிறுநீர் வழி நான்கு சென்டிமீட்டர்தான் என்பதால் ஜெல் போட்டே அதைச் செய்துவிடலாம். ஆண்களுக்கு அது இருபது சென்டிமீட்டர் அளவுக்கு வளைந்து போகிறது என்பதால் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துச் செய்வோம். அதற்கு ஆறு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். வளையும் கருவி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. உங்களுக்கு எது, மயக்க மருந்து உண்டா, சதை எடுத்துப் பரிசோதிக்கும் திட்டம் இருக்கிறதா என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஜெல்லில் செய்யும்போது நடப்பது இதுதான். சிறுநீர் கழித்துவிட்டு வந்து மல்லாந்து படுப்பீர்கள். சுத்தம் செய்து ஜெல்லை உள்ளே செலுத்துவோம். முதலில் ஜிலீரென்று இருக்கும், பிறகு லேசாக எரியும். ஜெல் வேலை செய்யச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த நிமிடங்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது என்பது என் பிடிவாதம். கருவி உள்ளே போகப் போகப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பிக்குச் சற்று முன்னால், சிறுநீரை அடக்கி வைக்கும் தசை இருக்கும் இடத்தில் ஒரு சுருக் வரும். பயத்தில் உடம்பை இறுக்கினால் அந்தத் தசையும் இறுகிக்கொள்ளும், வலி கூடும். அந்த இடம் வந்ததும் நான் சொல்வது: "ஐயா, வாயால மூச்சை மெதுவா விடுங்க. ஒண்ணுக்குப் போற மாதிரி நினைச்சுக்கோங்க, அடக்காதீங்க." அவர் உடம்பைத் தளர விட்டதும் திரையில் அந்தத் தசை விரிவது தெரியும், கருவி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சில விநாடிகள்தான்.

அப்புறம் பைக்குள் சலைன் தண்ணீர் இறங்கும். சிறுநீர் முட்டுகிற உணர்வு வரும், "இங்கேயே போயிருவேன் போல இருக்கு" என்று பலர் கூச்சப்படுவார்கள். அது இயல்பு. கூச்சம் வேண்டாம். திரையைப் பார்க்க விருப்பமிருந்தால் சொல்லுங்கள், திருப்பி வைப்போம். பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குப் பதற்றம் குறைகிறது. மொத்தம் ஐந்து, பத்து நிமிடம். பெண்கள், தங்களோடு ஒரு பெண் செவிலியர் இருக்க வேண்டும் என்று கேட்கலாம், அது உங்கள் உரிமை.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை சில உண்டு. யூரின் கல்ச்சரில் கிருமி இருந்தால் அதைக் குணப்படுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். கிருமியோடு கருவியை விட்டால் அது ரத்தத்தில் ஏறிவிடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். வெறுமனே பார்ப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியிருக்காது, சதை எடுப்பதென்றால் இதய மருத்துவரிடம் பேசி முடிவெடுப்போம். மருந்து ஒவ்வாமை, செயற்கை இதய வால்வு, கர்ப்பம் இவற்றையும் சொல்லிவிடுங்கள்.

முடிந்த பிறகு ஓரிரு நாள் எரிச்சலும், சிறுநீரில் லேசான இளஞ்சிவப்பும் இருக்கும். தண்ணீர் நிறையக் குடித்தால் போதும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்தக் கட்டிகள், சிறுநீரே வராமல் அடிவயிறு முட்டுவது, இந்த மூன்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே வந்துவிட வேண்டும்.

கட்டி இருந்தாலும் நேரத்தோடு தெரிந்தால் செய்ய நிறைய இருக்கிறது. சிறுநீர்ப்பைச் சுவரின் தசைக்குள் இறங்காத கட்டியை வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கிவிட்டால் பலருக்குச் சிறுநீர்ப்பையையே அகற்ற வேண்டி வரும். எடுத்த கட்டி திரும்ப வரக்கூடியது என்பதால் மூன்று மாதத்தில் மறு சிஸ்டோஸ்கோபி, பிறகும் வருடக்கணக்கில் தொடர் பரிசோதனை. முதல் தடவை நன்றாக இருந்துவிட்டால் பலர் இரண்டாவதுக்கு வருவதில்லை. தயவுசெய்து வாருங்கள். செலவு கவலையென்றால் சென்னை ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் யூராலஜி பிரிவு இருக்கிறது.

சிஸ்டோஸ்கோபி தேவைப்படும் இன்னொரு கூட்டமும் உண்டு. கிட்னி கல் ஆபரேஷனின்போது டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்பியிருப்பார்கள். அதைப் பெரும்பாலும் இந்தக் கருவி வழியாகத்தான் எடுக்க வேண்டும். கல் போய்விட்டது, வலி இல்லை என்று மறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் போனால் குழாயின் மேல் கல் படியும் ஆபத்து கூடும். வருடக்கணக்கில் கிடந்தால் சிறுநீரகமே பழுதாகலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது கல் ஆபரேஷன் நடந்திருந்தால் இன்றைக்கே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, ஸ்டென்ட் வைத்ததாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்து, எடுத்ததற்கான சீட்டு இல்லையென்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்தாலே குழாய் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.